பள்ளி நாளில் மட்டும் வாந்தி: மகளுக்கு என்ன செய்வது?

ஈசூன் அப்பா:
வணக்கம், சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்நிலை 4, இந்த ஆண்டு ஓ லெவல், அதாவது உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு. அதற்கு முன் பள்ளியில் வைக்கும் பிரிலிம் தேர்வின் அட்டவணை கைக்கு வந்ததிலிருந்து காலையில் சீருடை போட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குள் போய்விடுகிறாள். குடித்த மைலோ அப்படியே வெளியே வந்துவிடும். சனி ஞாயிறு என்றால் ஒன்பது மணிக்கு எழுந்து மூன்று பிராட்டா சாப்பிடுகிறாள். அதனால் என் அம்மா, "பள்ளிக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள்" என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, உள்ளங்கை எல்லாம் ஈரம்.

நான் பேருந்து ஓட்டுகிறேன். காலைப் பணி என்றால் நாலரைக்கே கிளம்பிவிடுவேன், இந்தக் கூத்தெல்லாம் மனைவிதான் தனியாகச் சமாளிக்க வேண்டும். புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் இரைப்பைக் கோளாறு என்று மாத்திரையும் எம்சியும், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழும் தருகிறார்கள். எம்சி கிடைத்த அன்று பதினோரு மணிக்கெல்லாம் வலி போய்விடும். மறுநாள் காலை முன்பைவிட மோசம்.

ஜூனில் தமிழ்த் தாள் எழுதியபோது எந்தத் தொந்தரவும் இல்லை. ஏ மேத்ஸ், அதாவது கூடுதல் கணிதம் என்றால்தான் இப்படி. வீட்டில் போடும் அதே கணக்கு வகுப்பில் மறந்துபோகிறதாம். போதாததற்குச் சொந்தக்காரர்கள் வேறு, "2027-லிருந்து ஓ லெவலுக்குப் பதில் எஸ்இசி என்ற புதுத் தேர்வு வந்துவிடும், நீதான் கடைசி ஓ லெவல் பேட்ச், கோட்டை விட்டால் அவ்வளவுதான்" என்று கிளப்பிவிடுகிறார்கள். வயிற்றுக்குப் பார்ப்பதா, மனசுக்குப் பார்ப்பதா? யாரிடம் போவது?

பழைய மாணவன்:
தம்பி, 2023-லேயே தொடக்கநிலை, உயர்நிலை எல்லாவற்றிலும் நடுவாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் பிரம்படியோடு பரிட்சை எழுதினோம். செல்லம் கொடுத்தால் இப்படித்தான். நான்கு நாள் விரட்டி அனுப்புங்கள், சரியாகிவிடும்.

தெம்பனிஸ் தாதி:
மேலே எழுதிய ஐயாவுக்கு: பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விரட்டுவதில்தான் இருக்கிறது.

ஈசூன் அண்ணே, வயிறு வேறு மனசு வேறு என்று பிரிக்காதீர்கள். ஆபத்து என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்பும், செரிமானம் மந்தமாகும். கை சில்லென்று ஆவது, வியர்ப்பது, குமட்டுவது எல்லாம் அதன் விளைவுதான். எதிரே இருப்பது புலியா ஏ மேத்ஸா என்று உடம்புக்குத் தெரியாது. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள்: வலி நிஜம், வாந்தி நிஜம். நடித்து உள்ளங்கையில் வியர்வை வரவைக்க முடியாது.

கணக்கு மறப்பதும் இதே கதைதான். கணக்குப் போட மூளை இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் தாங்க வேண்டும். "தோற்றுவிடுவேனோ" என்ற எண்ணம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் சூத்திரத்துக்கு இடமேது?

இப்போது எம்சிக்கு வருகிறேன். வீட்டிலேயே இருந்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கும். பள்ளிக்குப் போகாததால்தான் தப்பித்தோம் என்று மூளை அதையே பாடமாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாக வரும். நீங்கள் எழுதிய "மறுநாள் மோசம்" அதுதான். அதற்காக முழு நாளும் உட்கார வைக்க வேண்டும் என்றில்லை. பள்ளி ஆலோசகரிடம் பேசி, முதலில் அவர் அறையில் கொஞ்ச நேரம், பிறகு பிடித்த பாடம், அப்புறம் ஏ மேத்ஸ் என்று படிப்படியாகப் போகலாம். எல்லாப் பள்ளியிலும் ஆலோசகர் உண்டு. வகுப்பு ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டாலே போதும்.

ஒருமுறை பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, மலத்தில் ரத்தம், காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். அப்படி எதுவும் இருந்தால் பதற்றம் என்று விட்டுவிடக் கூடாது. 16 வயது ஆகிவிட்டதென்றால் மனநலக் கழகத்தின் சாட் என்ற இளையர் மனநலச் சேவை இருக்கிறது, 16 முதல் 30 வரை, கட்டணம் இல்லை. இரவில் அழுது தூங்காமல் இருந்தால் தேசிய மனநல உதவி எண் 1771-ஐ அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சாக வேண்டும் என்பதுபோல் ஏதாவது பேசினால் காத்திருக்காதீர்கள். எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 1767.

பாலி இரண்டாமாண்டு:
அங்கிள், எனக்கு இது மூச்சில் வந்தது. இயற்பியல் தாள் அன்று மண்டப வாசலில் வரிசையில் நிற்கும்போது விரல் நுனி மரத்து, உதடு குறுகுறுத்து, ஏதோ மாரடைப்பு என்றே நினைத்தேன். வேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்துபோய் அப்படி ஆகும் என்று ஆலோசகர்தான் விளக்கினார். காரணம் தெரிந்ததுமே பாதிப் பயம் போய்விட்டது. "ஆழமா மூச்சு இழு" என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் எனக்குத் தலைதான் சுற்றியது. மெதுவாக, நீளமாக வெளியே விடுவதுதான் வேலை செய்தது.

அப்புறம் தூக்கம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். துணைப்பாட வகுப்பு முடிந்து இரவு பத்துக்கு வீட்டுக்கு வந்து, கோப்பி குடித்துவிட்டு டென் இயர் சீரிஸ் என்ற பழைய வினாத்தாள் தொகுப்பைத் திறந்தால் எங்கே தூங்குவது? ஏ மேத்ஸுக்கு எத்தனை டியூஷன் போகிறாள் என்று பாருங்கள். என் அம்மா ஒன்றை நிறுத்தினார். எனக்கு மார்க் குறையவில்லை.

சொந்தக்காரர்களை மட்டும் பிரிலிம் முடியும்வரை வீட்டுப் பக்கம் விடாதீர்கள் அங்கிள்.

ஈசூன் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு டியூஷன் போகிறாள். ஒன்றை நிறுத்துவது பற்றி இன்றிரவு மனைவியிடம் பேசுகிறேன். தாதி அம்மா, ஒரு சந்தேகம். இப்படிப் போய்ப் பார்த்தால் பதிவில் ஏறி, நாளைக்கு வேலை கிடைக்காது என்று என் அக்கா சொல்கிறார். உண்மையா?

தெம்பனிஸ் தாதி:
இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் தள்ளிப்போடுகிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மனநலப் பிரச்சினை இருந்ததா என்று முதலாளிகள் கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி 2020-லேயே சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்திலும் மனநலம் சேர்ந்திருக்கிறது. அக்காவுக்கு அதை அனுப்புங்கள். நாளைக்கு உங்களுக்கு மாலைப் பணி என்றால் நீங்களே மகளோடு பள்ளி வாசல்வரை போய்வாருங்கள் அண்ணே, வழியில் பரிட்சைப் பேச்சு வேண்டாம்.