கொட்டான் இருந்ததா, இல்லையா? ஹைட்ராய்டிடம் ஏமாந்த அனுபவங்கள்

நண்டுவலை:

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், ஹைட்ராய்டுகளை (செடி போலக் கிளைவிட்டு வளரும், கொட்டும் கடல் விலங்குகள்) வைத்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த காலத்தில் என் சாம்பிள் எல்லாம் நண்டு வலையில் சிக்கி வரும் குப்பைதான். ஒருநாள் காலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "தம்பி, அந்த வெள்ள இறகத் தொடாத, சொறியும்" என்றார். நான்தான் படித்தவன் ஆயிற்றே, தொட்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் இறகின் அச்சு அப்படியே சிவப்புக் கோடுகளாக எழும்பியது. எரிச்சல் சாயங்காலம் அடங்கிவிட்டது. அரிப்பு ஒரு வாரம் இருந்தது.

அதைவிட வலித்தது லேபில் நடந்தது. இறகு வடிவம், கருத்த தண்டு, ஒரே தளத்தில் பக்கக் கிளைகள் என்று பார்த்துவிட்டு, 'அக்லோஃபீனியா குப்ரெசினா' என்று லேபிள் எழுதி ஒட்டினேன். சார் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கூடை எங்கேப்பா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

அக்லோஃபீனியாவில் சினைப்பைகள் வெளியே தெரியாது. ஒரு பக்கக் கிளை உருமாறி, அதன் விலா எலும்புகள் போன்ற இதழ்கள் இரண்டு பக்கமும் வளைந்து சேர்ந்து ஒரு மூடிய கூடை ஆகிவிடும். கார்புலா என்பது இதுதான். பனை ஓலைக் கொட்டானைப் படுக்கவைத்து வாயைத் தைத்த மாதிரி இருக்கும். என் பாட்டிலில் இருந்ததில் அது இல்லை. ஒரு கிளையில் கொட்டும் செல்கள் அடங்கிய குட்டிக் குப்பிகள் வரிசையாக நிற்க, நடுவே காசு போலத் தட்டையான பைகள் திறந்தவெளியில் ஒட்டிக்கிடந்தன. அது மேக்ரோரிங்கியா ஃபிலிப்பினா. பழைய இந்தியக் கட்டுரைகளில் லைட்டோகார்ப்பஸ் என்று தேடினால் கிடைக்கும். ஒரு சின்ன ஆறுதல்: 1872இல் கிர்ச்சன்பவர் பெயர் வைத்தபோது அவரும் இதை அக்லோஃபீனியாவுக்குள்தான் வைத்தார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

முக்குளி:

அந்தமானில் டைவ் கைடாக இருக்கிறேன். எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். விருந்தாளி ஒருவருக்குத் துறையின் தூணில் கருப்புத் தண்டும் வெள்ளைக் கிளையுமாக இருந்த ஒன்றைக் காட்டி, "தொடாதீர்கள், மேக்ரோரிங்கியா" என்று சைகையில் பயங்கரமாக மிரட்டினேன். மேலே வந்து போட்டோவைப் பெரிதாக்கினால் பென்னாரியா டிஸ்டிகா! அதுவும் கொட்டும்தான், ஆனால் என் அனுபவத்தில் லேசான அரிப்போடு போய்விடும்.

பென்னாரியாவின் பாலிப்புக்கு, அதாவது இரை தின்னும் குட்டி உடலுக்கு, சுற்றிலும் கிண்ணம் போன்ற உறையே கிடையாது, அம்மணமாக நிற்கும். கிளையின் மேல்பக்கம் பேரிக்காய் வடிவில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியும். அடியில் ஒரு வட்டம் நீளமான மெல்லிய டெண்டகிள் (இரை பிடிக்கும் கை), வாயைச் சுற்றி நுனி உருண்ட குட்டை டெண்டகிள் என்று ஒரே பாலிப்பில் இரண்டு வகை இருக்கும். மேக்ரோரிங்கியாவில் பாலிப்பைத் தண்ணீருக்குள் வெறுங்கண்ணால் எண்ணவே முடியாது. இப்போதெல்லாம் 'புள்ளி தெரிகிறதா' என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உப்புக்காத்து:

நான் உயிரியல் படித்தவள் இல்லை, ஸ்நார்க்கல் மட்டும்தான். கடுகு மஞ்சளில், ஓரம் மட்டும் வெளுத்த பவளப்பாறை என்று நினைத்து முழங்காலை ஊன்றினேன். நெருப்புப் பவளம். அது பவளமே இல்லை, இந்த இறகுகளின் உறவுக்காரன் என்று பிறகுதான் சொன்னார்கள். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

டெமான்ஸ்ட்ரேட்டர்:

உப்புக்காத்து அவர்களுக்கு: கைலென்ஸ் போதும். நிஜப் பவளத்தில் ஒவ்வொரு குழிக்குள்ளும் சக்கரத்தின் ஆரம் போலத் தடுப்புச் சுவர்கள் இருக்கும். மில்லிபோராவில், அதாவது உங்கள் நெருப்புப் பவளத்தில், சுவர் இல்லை, ஊசியால் குத்தின மாதிரி துளைகள்தான். கொஞ்சம் பெரிய துளையில் தின்னும் பாலிப், அதைச் சுற்றி ஐந்தாறு சின்னத் துளைகளில் காவல்கார பாலிப்புகள். ஆனால் ஒடித்துப் பார்க்கக் கூடாது. மில்லிபோரா எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

என் கதை சின்னது. விலங்கியல் படித்த எல்லோரும் ஒபீலியா என்ற ஹைட்ராய்டின் படம் வரைந்துதான் வந்திருப்போம். அந்தத் தைரியத்தில், மணி வடிவக் கிண்ணமும் வளையம் வளையமான காம்பும் தெரிந்தாலே ஒபீலியா என்று பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை உயிரோடு வந்த ஒரு கொத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்திருந்தோம். மறுநாள் அதிலிருந்து பிரிந்த, ஜெல்லிமீன் போன்ற குட்டி மெடூசாக்கள் நீந்தின. ஒபீலியாவாக இருந்தால் தட்டுப் போலத் தட்டையாக, ஓரத்தில் நிறைய டெண்டகிளோடு வந்திருக்க வேண்டும். வந்தவையோ குட்டி மணிகள். ஆளுக்கு நாலு டெண்டகிள், உள் ஓரத்தில் வீலம் என்ற மெல்லிய திரை. அது கிளைட்டியா என்ற வேறொரு ஹைட்ராய்டு! பாட நூலில் ஒபீலியாவுக்கு வீலம் இல்லை என்று மனப்பாடம் செய்திருந்தும், பாத்திரத்தில் பார்க்கும்வரை அது எதற்கு உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முக்குளி:

நண்டுவலை அண்ணா, ஒரு சந்தேகம். கொட்டானும் இல்லை, பையும் இல்லை, வெறும் இறகு மட்டும் கிடைத்தால்?

நண்டுவலை:

பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும் தம்பி. அப்போது ஒரு பக்கக் கிளையைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டில் வை. கிண்ணங்கள் ஒரே வரிசையில் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் மூன்று கொட்டும் குப்பிகள்: முன்னால் ஒன்று, மேலே பக்கத்துக்கு ஒன்று. இவை அசையாமல் கிண்ணத்தோடு ஒட்டியிருந்தால் அக்லோஃபீனியா குடும்பம். காம்பில் ஆடுகிற மாதிரி தனியாக நின்றால் புளூமுலேரியா குடும்பத்தின் பக்கம் போக வேண்டும். அப்புறம் கிண்ணத்தின் விளிம்பைப் பார். அக்லோஃபீனியாவில் ரம்பம் போலப் பற்கள், பெரும்பாலும் ஒன்பது இருக்கும். ஃபிலிப்பினாவில் விளிம்பு கிட்டத்தட்ட வழவழப்பு. இன்னொரு இறகான ஜிம்னாஞ்சியம் விஷயத்தில் மட்டும் பை இல்லாமல் நான் வாயே திறப்பதில்லை. பை கிடைத்தால் சுலபம், கூடையோ கொட்டும் குப்பிகள் நிற்கும் காவல் கிளையோ இல்லாமல் வெறுமனே ஒட்டியிருக்கும்.

கிண்ணம் உள்ளவற்றை ஸ்பிரிட்டில் போட்டாலும் கூடு கெடாது, பாலிப் சுருங்கினால் பரவாயில்லை. உன் பென்னாரியா அப்படி இல்லை. கடல் தண்ணீரிலேயே வைத்து மென்தால் துகளைத் தூவி, டெண்டகிள் விரிந்தபடி மயங்கின பிறகுதான் பாட்டிலுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் மிஞ்சுவது காம்பு நுனியில் ஒரு உருண்டை. அதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் சொல்ல முடியாது, சார் உட்பட.