புதிய நகர்கள் பெருகிவிட்டன, நூலகம் 4 கி.மீ. தள்ளி: பக்கத்திலேயே கொண்டுவர என்ன வழி?

அரசலாற்றங்கரை:

கும்பகோணத்தை ஒட்டிய ஊராட்சி. முன்பு குறுவையும் சம்பாவும் விளைந்த வயல்களில் இப்போது ஏழெட்டு நகர்கள், வீடுகள் 600 இருக்கும். கிளை நூலகம் 4 கி.மீ. தள்ளி, நடுவில் புறவழிச்சாலை. பிள்ளைகளைத் தனியாக சைக்கிளில் அனுப்ப யாருக்கும் துணிவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ‘நூலகம்’ என்று எழுதிய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. நகர் நலச் சங்கத்தில் மூன்று கட்சி. ஒருவர் 3 சென்ட் தானமாகத் தருகிறேன் என்கிறார். சிலர் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் கட்டலாம் என்கிறார்கள். மற்றவர்கள் அந்தப் பூட்டைத் திறந்தாலே போதும் என்கிறார்கள். வீட்டு வரியோடு நூலக வரியும் வருஷா வருஷம் கட்டுகிறோம். யாரிடம் போக வேண்டும், எதில் தொடங்க வேண்டும், எங்கே சிக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அடுக்கும்பதிவேடும்:

பூட்டிய கட்டடத்தில் தொடங்குங்கள். ஆனால் அது யாருடையது என்று பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் காத்திருந்து, ‘இது இத்துறை சார்ந்ததல்ல’ என்ற ஒற்றை வரிப் பதில்தான் கைக்கு வரும்.

ஊரில் நூலகப் பலகை மாட்டிய கட்டடம் இரண்டு வகை. ஒன்று பொது நூலகத் துறையுடையது. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அடுக்கடுக்காக இருக்கும். மற்றது 2006இலிருந்து 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டியது. அது ஊரக வளர்ச்சித் துறை வழி வந்தது, சொத்தும் சாவியும் ஊராட்சியிடம். உள்ளே கிடக்கும் எந்தப் புத்தகத்தையும் பிரித்துத் தலைப்புப் பக்கத்து முத்திரையைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஊராட்சியுடையது என்றால் மாவட்ட நூலக அலுவலரால் அதைத் திறக்க முடியாது. மாவட்ட நூலக அலுவலகத்துக்கு எழுதிய மனு பல ஊரில் வீணானது இப்படித்தான்.

ஊராட்சியுடையதாக இருந்தால் உங்களுக்கு யோகம். கட்டடம் தயார். அதை வாடகையில்லாமல் நூலக ஆணைக்குழுவுக்கு விட்டு, அங்கே பகுதிநேர நூலகம் கேட்பதுதான் இருப்பதிலேயே குறுக்கு வழி. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு சபை இருக்கிறது. ‘எங்கள் ஊருக்கு நூலகம் வேண்டும்’ என்ற தீர்மானத்தால் ஒரு பயனும் இல்லை. சர்வே எண், கட்டடத்தின் நீள அகலம், மின் இணைப்பு எண், மின் கட்டணத்தை யார் கட்டுவது, மராமத்து யார் பொறுப்பு என்று வரிவரியாக எழுதியிருக்க வேண்டும். மின் கட்டணம் யாருடையது என்று எழுதாமல் விட்டால் திறந்த சில மாதத்தில் பியூசைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், அதோடு மாலை நேர வாசிப்பு நின்றுபோகும்.

தீர்மான நகலை வைத்துத்தான் தஞ்சாவூர் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு. கூடவே சேரத் தயாராக இருப்பவர்களின் பட்டியல், ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சம்மதிப்பவர்களின் பட்டியல், பள்ளிகளின் பெயர், மாணவர் எண்ணிக்கை. எத்தனை உறுப்பினர், எத்தனை புரவலர் வேண்டும் என்ற அப்போதைய வரையறையை அந்த அலுவலகத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு பட்டியலைத் தொடங்குங்கள். பக்கத்துக் கிளை 4 கி.மீ.யில் இருப்பதை மறைக்காதீர்கள், விசாரணைக்கு வருபவர்களுக்கு அது தெரியும். நகரிலிருந்து கிளைக்குப் போகும் வழியை வரைந்து, புறவழிச்சாலையை எந்த இடத்தில் கடக்க வேண்டியிருக்கிறது என்று குறித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்டடம் எப்படியும் கிடைத்துவிடும், ஆள்தான் கிடைக்கமாட்டார். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் சுவர் எழுப்பலாம், சம்பளம் தர முடியாது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் கட்டடம் வரும், நூலகர் வரமாட்டார். பகுதிநேர நூலகத்தைத் தினக்கூலி ஆளை வைத்து நடத்தலாம். கிளை என்றால் அரசு அனுமதித்த பணியிடம் வேண்டும். பணியிடம் காலியாகக் கிடந்தால் ஒரே நூலகர் இரண்டு நூலகத்துக்குச் சாவி வைத்துக்கொண்டு மாறி மாறி ஓட வேண்டியதுதான்.

அதனால் திறந்த முதல் நாளிலிருந்தே, பகுதிநேர நூலகத்தை அடுத்த அடுக்குக்குத் தரம் உயர்த்தக் கேட்கும் கோப்புக்கான சான்றைச் சேருங்கள். அந்தச் சான்று வாசகர் வருகைப் பதிவேட்டிலும் புத்தகம் இரவல் போன கணக்கிலும் இருக்கிறது. காலையில் நாளிதழ் புரட்டிவிட்டுப் போகிறவர்தான் அதிகம், அவர்தான் கையெழுத்துப் போடாமல் போகிறவரும். பதிவேட்டை நூலகர் மேசையில் வைக்காமல் நாளிதழ் மேசையிலேயே வைத்து, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ரசீதைப்பாருங்க:

நூலக வரி பற்றி. வீட்டு வரி ரூபாய்க்கு 10 பைசா, அதாவது பத்தில் ஒரு பங்கு. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். விகிதம் மாறியிருக்கிறது, ஆனால் வீட்டு வரியோடு நூலக வரி வசூலிக்கும் ஏற்பாடு 1948ஆம் வருஷச் சட்டத்திலிருந்தே வருகிறது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். நூலகம் வளரும் உயிரி என்று ஐந்தாவது விதி எழுதியவர். வீடு பெருகினால் வரி பெருகும், வரி பெருகினால் நூலகம் பெருகும் என்பது இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் ‘எங்கள் வரி எங்களுக்கே’ என்று மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 வீடு, வீட்டுக்குச் சராசரி 500 ரூபாய் வரி என்றால் 3 லட்சம். அதில் நூலக வரி 30,000. மாதம் 2,500தான், அதில் ஒரு ஆளுக்குச் சம்பளம்கூடத் தர முடியாது. மாநகராட்சி, நகராட்சி வரியும் சேர்ந்து மாவட்டம் முழுக்க ஒரே பையில் விழுவதால்தான் சின்ன ஊர்களில் நூலகம் ஓடுகிறது. உங்கள் வாதத்தை வைத்தே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேட்க வேண்டியது வேறு. வசூலான வரி முழுக்கப் போய்ச் சேர்ந்ததா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஊராட்சிக்கு ஒரு மனு: கடந்த ஐந்து நிதியாண்டில் வசூலித்த வீட்டு வரி, அதில் நூலக வரி, ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, தேதி, நிலுவை. மாவட்ட நூலக அலுவலகத்துக்கு இன்னொன்று: அதே ஊராட்சியிலிருந்து வரவு வந்த தொகை, தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். நிலுவை இருந்தால் அதைக் கட்டச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் போடலாம். மனுவோடு அந்த நகலும் போனால் உங்கள் கோப்புக்கு எடை கூடும்.

புது நகர்களில் இன்னொரு ஓட்டை உண்டு. குடிவந்து வருஷக்கணக்கானாலும் வரி விதிப்பு ஆகாத வீடுகள். அவை வரியிலும் இல்லை, ‘இந்தப் பகுதியில் இத்தனை வீடு’ என்ற கணக்கிலும் இல்லை. சங்கத்திலேயே தெருவாரியாகப் பட்டியல் எடுத்து விதிப்பு போடச் சொல்லுங்கள்.

ஊராட்சி மாநகராட்சியோடு சேரும் பேச்சு இருந்தால் தீர்மானத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கப்புறம் சாவியே வேறு கைக்குப் போய்விடும். நகர்ப்புற உள்ளாட்சிகள் கட்டும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ தனிக் கணக்கு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை முக்கியமாக வைத்து உள்ளாட்சியே நடத்துவது. இரண்டையும் ஒரே மனுவில் கேட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூலப்பத்திரம்:

பூங்கா யோசனையைக் கைவிடுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா, விளையாட்டிடம் என்று விட்ட இடத்தில் நூலகம் கட்டினாலும் ஆக்கிரமிப்புதான். யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் தடை வாங்கிவிடலாம். ‘பொதுப் பயன்பாடு’ என்று தனியாகக் காட்டிய மனை இருக்கிறதா என்று அதே வரைபடத்தில் பாருங்கள்.

3 சென்ட் என்றால் 1,307 சதுர அடி. 20க்கு 30 கட்டடத்துக்குத் தாராளம். ஆனால் பத்திரம் சங்கத்தின் பெயரிலோ ‘ஊர்ப் பொது’ என்றோ இருக்கக் கூடாது. மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பெயரில், நிபந்தனை இல்லாத பதிவு செய்த தானப் பத்திரமாக இருக்க வேண்டும். ‘நூலகம் நடக்காவிட்டால் என் வாரிசுக்கே திரும்பும்’ என்று ஒரு வரி சேர்த்தால் அங்கேயே நின்றுவிடும். தானம் தருபவர் பெயரில் தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? கூட்டு என்றால் உட்பிரிவு ஆன பிறகுதான் பத்திரம். 30 வருஷ வில்லங்கச் சான்று எடுங்கள்.

நம் பக்கம் தவறாமல் பார்க்க வேண்டியது புல வரைபடம். மனை போட்டபோது தூர்த்த கன்னி வாய்க்கால் (வயலுக்குப் பாயும் சின்னக் கிளை வாய்க்கால்) கண்ணுக்குத் தெரியாது, வரைபடத்தில் கோடாக இருக்கும். நீர்நிலைப் புறம்போக்கில் ஒரு அடி ஏறினாலும் அனுமதி கிடையாது. களம் புறம்போக்கு என்றால் வகை மாற்றம் கேட்டுப் பார்க்கலாம், வாய்க்காலுக்கு அந்த வழியும் இல்லை.

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. முத்திரை பார்த்தாயிற்று, ஊராட்சிக் கட்டடம்தான். உள்ளளவு 20க்கு 16 அடி, ஒரு கதவு, மூன்று ஜன்னல். ஒரு மூலையில் தரை இறங்கியிருக்கிறது, கறையான் மண்ணும் தெரிகிறது. இதில் எத்தனை புத்தகம் வைக்கலாம்? மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகம் தர ஆள் இருக்கிறது, வாங்கலாமா?

இரும்புத்தட்டு:

புத்தகத்துக்கு முன்னால் தரை. வயல் களிமண்ணின் மேல் அவசரத்தில் நிரவிய தரை, ஓரிரு மழைக்காலத்தில் இப்படித்தான் இறங்கும். அந்த மூலையை உடைத்து, சவுடு மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகு கான்கிரீட் போடுங்கள். மேலே சிமென்ட் பூசினால் மட்டும் போதாது. புத்தகம் நிறைந்த ஒரு இரும்பு அடுக்கு 150 கிலோ தொடும், தரை இறங்கினால் அடுக்கு சாயும். கறையான் மருந்து, உடைத்திருக்கும்போதே சுவரும் தரையும் சேரும் இடம் நெடுக.

ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், 1 அடி ஆழம், ஆறு தட்டு: இதுதான் வழக்கமான அடுக்கு. ஒரு தட்டில் 35 புத்தகத்துக்கு மேல் திணிக்காதீர்கள். இறுக்கி வைத்தால் முதுகைப் பிடித்து இழுப்பார்கள், தையல் விடும். ஆறு அடுக்கு என்றால் சுமார் 1,250 புத்தகம். ஜன்னலை மறைக்காமல் நீளச் சுவர் இரண்டிலும் மும்மூன்று. சுவருக்கும் அடுக்குக்கும் அரை அடி இடைவெளி கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓதம் இழுக்கும், ஒட்டி வைத்த வரிசைதான் முதலில் பூஞ்சை பிடிக்கும். கடைசித் தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே. மர அடுக்கு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். மழை நாளிலும் ஜன்னலைச் சில மணி நேரம் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். பூட்டியே வைத்தால் காகிதம் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். நடுவில் இரண்டு மேசை, பன்னிரண்டு பேர் உட்காரலாம்.

அடுக்கும்பதிவேடும்:

மூட்டையை வாங்காதீர்கள், பட்டியலை வாங்குங்கள். பழைய வார இதழும் காலாவதியான கைடும்தான் முக்கால்வாசி இருக்கும். நூலகத்துக்குள் ஒருமுறை பதிவாகிவிட்டால் நினைத்தபடி தூக்கிப் போட முடியாது, கழிவு நீக்க அனுமதி வேண்டும். தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி நூலகரிடம் வரும். பீரோவைப் பூட்டி வைக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கி, ‘அன்பளிப்பு’ என்று தனி வரிசை எண்ணில் ஏற்றுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதானால் முதல் செலவு 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை புதிய பாடத்திட்டப் பாடநூல்கள், இரண்டு செட். தேர்வாணைய குரூப் 4க்குப் படிப்பவர்கள் தேடி வருவது அதற்குத்தான். இரவல் தராமல் அங்கேயே படிக்க வையுங்கள். சிறுவர் நூல்கள் கீழ் இரண்டு தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டும்படி. நேரம் மாலையில் இருக்கட்டும். உறுப்பினர் சேர்க்கை சம்பா நடவு நேரத்தில் வேண்டாம், யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. பொங்கல் கழிந்து அறுவடை முடிந்ததும், இல்லாவிட்டால் மே விடுமுறையில்.

அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. 1931லேயே மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. 2022இல் தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டம் கிட்டத்தட்ட அதே வேலைதான்: தன்னார்வலர் கிளையிலிருந்து புத்தகம் எடுத்துவந்து, நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டில் கொடுத்து வாங்குவார். நகருக்கு ஒருவரைப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கிளை நூலகரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. கொடுத்து வாங்கும் நோட்டில் தேதி, பெயர், புத்தகம் இவற்றோடு தெருப் பெயருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். தரம் உயர்த்தக் கேட்கும்போது எந்த நகரில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று காட்ட அந்தக் கட்டம்தான் உதவும்.