ஓப்பன்ஸ்டாக்: பிங் போகிறது, எஸ்எஸ்ஹெச் பாதியில் நிற்கிறது (ஊட்டி - கோத்தகிரி, வயர்கார்டு வழி)

கேள்வி (ஊட்டி):
வணக்கம். ஒரு பயிற்சி மையத்துக்காக கோலா ஆன்சிபிள் (நிறுவும் கருவி) வைத்து, சொந்த கிளவுட் நடத்தும் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் நிறுவியிருக்கிறேன். கன்ட்ரோலரும் (எல்லாவற்றையும் நிர்வகிக்கும் சர்வர்) ஒரு கம்ப்யூட் நோடும் (விஎம், அதாவது மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வர்) ஊட்டியில், இன்னொரு கம்ப்யூட் கோத்தகிரிக் கிளையில். இரண்டு ஊரிலும் சாதாரண ஃபைபர் பிராட்பேண்டுதான். நடுவே வயர்கார்டு என்ற விபிஎன் டனல், அதன் மேல் விஎம்களின் நெட்வொர்க்கைச் சுமக்கும் விஎக்ஸ்லேன் டனல்.

ஊட்டியில் ஓடும் விஎம்களில் குறையே இல்லை. கோத்தகிரி நோடில் எழும் விஎம்முக்கு டிஹெச்சிபி வழியாக ஐபி வருகிறது, பிங் போகிறது. எஸ்எஸ்ஹெச் போட்டால் சாவி பரிமாறும் இடத்தில் அப்படியே நிற்கிறது. உள்ளே கன்சோல் வழியாகப் போய் ஆப்ட் அப்டேட் கொடுத்தால் 0 சதவீதத்திலேயே கிடக்கிறது. நியூட்ரான் (ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதி) ஏஜென்ட் எல்லாம் உயிரோடு இருக்கிறது, லாகில் ஒரு எரர் கூட இல்லை. அதுதான் கடுப்பு.

பதில் 1:
செக்யூரிட்டி குரூப்பில் (விஎம்மின் ஃபயர்வால் விதிகள்) எஸ்எஸ்ஹெச்சுக்கான போர்ட் 22 திறந்திருக்கிறதா? புதிதாக நிறுவியவர்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் மாட்டுவார்கள்.

கேட்டவர்:
திறந்திருக்கிறது அண்ணா. ஊட்டி விஎம்களுக்கும் அதே குரூப்தான். வெளி இன்டர்ஃபேஸுக்கும் தனி கார்டு, அதில் ஐபி எதுவும் வைக்கவில்லை.

பதில் 2 (குன்னூர்):
செக்யூரிட்டி குரூப் தடுத்தால் இணைப்பே உருவாகாது தம்பி. உங்களுக்கு உருவாகிவிட்டது, பெரிய பாக்கெட் வரும்போதுதான் சாகிறது. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பிரச்சினை.

கணக்கு இதுதான். விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் கூட்டும்: வெளி ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8, உள் ஈதர்நெட் 14. கீழே 1500 இருக்கும் என்று நம்பி நியூட்ரான் விஎம்முக்கு 1450 கொடுக்கிறது. ஆனால் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் பொதுவாக 1420. 1450 பைட் பாக்கெட் 1500 ஆகி அங்கே போய் முட்டுகிறது. துண்டாக்கக் கூடாது என்ற கொடியை ஓப்பன் விஸ்விட்ச் (நோடில் ஓடும் மென்பொருள் ஸ்விட்ச்) வெளி பாக்கெட்டில் போட்டுவிடுவதால் சத்தமில்லாமல் தொலைகிறது. சின்ன பிங் மட்டும் தப்பிக்கும்.

1420ல் 50 போனால் 1370, பிங்கின் ஹெடர் 28 போனால் 1342. விஎம்முக்குள் இருந்து, துண்டாக்காமல் அனுப்பும் பிங்கை 1342 அளவில் போடுங்கள், பிறகு 1343. முதலாவது போய் இரண்டாவது போகாவிட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

கேட்டவர்:
1342 போகிறது, 1343 போகவில்லை! நியூட்ரான் கான்ஃபில் குளோபல்_ஃபிஸ்நெட்_எம்டியூவை 1420 ஆக்கினால் போதுமா?

பதில் 3:
போதும், ஆனால் வேண்டாம். அது டனல் இல்லாமல் நேராக லேனில் சேரும் வெளி ஃபிளாட் நெட்வொர்க்கையும் சேர்த்துக் குறைத்துவிடும். உங்கள் லேன் 1500ல் நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் தொட வேண்டும்? எம்எல்2 (நியூட்ரானின் ஒரு பிளகின்) கான்ஃபில் பாத்_எம்டியூ = 1420 என்று போடுங்கள். அது டனல் நெட்வொர்க்குகளை மட்டும் பாதிக்கும். கோலாவில் அந்தக் கோப்பை கான்ஃபிக் ஃபோல்டருக்குள் நியூட்ரான் என்ற துணை ஃபோல்டரில் வைத்து ரீகான்ஃபிகர் ஓட்டுங்கள்.

கேட்டவர்:
ஓட்டிவிட்டேன். புதிதாக உருவாக்கிய நெட்வொர்க் 1370 காட்டுகிறது. பழையது இன்னும் 1450.

பதில் 2 (குன்னூர்):
அது அப்படித்தான். எம்டியூ டேட்டாபேஸில் பதிவாகிவிட்டது, கான்ஃபை மாற்றினாலும் பழைய நெட்வொர்க் மாறாது. நெட்வொர்க் செட் கட்டளையில் எம்டியூ 1370 என்று நீங்களே கொடுங்கள், அப்புறம் விஎம்களை ரீபூட் செய்யுங்கள். டிஹெச்சிபி புது அளவைச் சொல்லிவிடும்.

கேட்டவர்:
எஸ்எஸ்ஹெச் உடனே உள்ளே போய்விட்டது. ஆப்ட்டும் ஓடுகிறது. ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும்.

பதில் 4 (கோத்தகிரி):
இடையில் நுழைகிறேன். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம், ஊட்டியிலும் தென்மேற்கில் அதே கதைதான். கன்ட்ரோலர் திடீரென்று அணைந்தால், ஒரே நோடாக இருந்தாலும் ஓப்பன்ஸ்டாக்கின் டேட்டாபேஸான மரியாடிபி எழாமல் அடம்பிடிக்கும். கோலாவில் மரியாடிபி ரெக்கவரி கட்டளை இருக்கிறது, தேடித் தவிக்காமல் அதை ஓட்டுங்கள். யுபிஎஸ்ஸை முதலில் ஊட்டிக்கு வாங்குங்கள், கோத்தகிரி நோடு செத்தாலும் கிளஸ்டர் தொடர்ந்து ஓடும்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போனது. வயர்கார்டு முனைகள் இப்போது ஐபிவி4ல் பேசுகின்றன என்று நினைக்கிறேன். அதற்கு 60 பைட் கூடும், 1420 என்பது 1480 ஆகும். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) என்றால் அதன் எல்லை 1492, எனவே தப்பித்தீர்கள். ஐபிவி6க்கு மாறினால் கூடுவது 80, மொத்தம் 1500 ஆகி இடிக்கும். மாறுவதாக இருந்தால் வயர்கார்டையும் பாத்_எம்டியூவையும் 1412க்கு இறக்கிவிட்டு, நெட்வொர்க்கை 1362 ஆக்குங்கள்.