தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப்பாதைகளில் சைக்கிள்: வாகனம் குறைந்த வழி எது? இறக்கத்தில் ரிம் சூடாகி டியூப் வெடிப்பது ஏன்?

கேள்வி (தருமபுரி)

வணக்கம். என்னிடம் ரிம் பிரேக் (சக்கரத்தின் உலோக விளிம்பான ரிம்மைக் கட்டைகளால் இறுக்கிப் பிடிப்பது) கொண்ட கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது. முன்பக்கப் பல்சக்கரங்களில் 50, 34 பற்கள். பின்பக்கம் 11 முதல் 28 வரை. சமவெளியில் பழகிவிட்டதால் இனி மலையேற விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு கிடைக்கும். தொப்பூர் கணவாய் அருகில் இருந்தாலும், சேலம் நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவதற்கு வீட்டில் எவரும் சம்மதிக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கியபோது, பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்ததில் ரிம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, முன்சக்கர டியூப் வெடித்துவிட்டது. டியூப்பும் டயரும் புதியவை. அமைதியாக ஓட்டக்கூடிய மலைச்சாலை எது, இந்தச் சூட்டுக்குத் தீர்வு என்ன என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி (பென்னாகரம்)

நண்பரே, முதலில் வழியைப் பற்றிச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் சாலையில் அமைதியை எதிர்பார்க்க முடியாது. சுற்றுலா வேன்களும் கார்களும் காலை முதலே வரத் தொடங்கிவிடும், ஆடிப் பதினெட்டை ஒட்டிய நாட்களில் சொல்லவே வேண்டாம். அதைவிட முக்கியமான குறை, அந்தப் பாதையில் இறக்கம் முதலில் வருவதுதான். காவிரிக்கரை பென்னாகரத்தைவிட வெகு தாழ்வில் இருப்பதால், போகும்போது உல்லாசமாக இறங்கிவிட்டு, உடல் களைத்து வெயிலும் ஏறிய வேளையில் மலையேற வேண்டியிருக்கும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது வத்தல்மலை. நகரிலிருந்து அடிவாரம் வரை ஊர்களுக்கு நடுவே செல்லும் சாலை; அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏற்றம், கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள மலை ஊர்கள் வரை தொடர்கிறது. மேலே காபியும் மிளகும் விளைகின்றன. அடுத்த ஊருக்குக் குறுக்கு வழியாக எவரும் இதைப் பயன்படுத்துவதில்லை என்பதால், ஊர்க்காரர்களின் பைக்குகளும் எப்போதாவது ஒரு சரக்கு வண்டியும் தவிர, விடியற்காலையில் எதிரே வருபவர் குறைவு. விடுமுறை நாட்களில் பத்து மணிக்கு மேல் இளைஞர்களின் பைக் கூட்டம் ஏறும். அதற்குள் நீங்கள் இறங்கிவிட வேண்டும். அரூரை அடுத்த சித்தேரி மலையும் இதே போன்றதுதான், ஆனால் தருமபுரியிலிருந்து தொலைவு. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் சாலையில் தக்காளி வண்டிகளும் லாரிகளும் ஓடுவதால், ஏற்றம் மென்மையாக இருந்தும் அதை நான் சொல்ல மாட்டேன்.

மறுமொழி (கிருஷ்ணகிரி, சைக்கிள் பழுது பார்ப்பவர்)

டியூப் வெடித்ததற்கு டயரின் தரம் காரணமல்ல. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் சுமார் 83 கிலோஜூல் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவு போதும். வேகமாக இறங்கினால் அதில் பெரும் பங்கைக் காற்று தடுத்து உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக, பிரேக்கை விடாமல் இறங்கினால் அத்தனையும் ரிம்முக்குப் போய், உள்ளே காற்றின் அழுத்தமும் ஏறுகிறது.

ஆகவே நேரான பகுதியில் பிரேக்கை முழுவதும் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விடுங்கள். விட்ட அந்தச் சில நொடிகளில்தான் ரிம் ஆறுகிறது. நேரான பகுதியிலும் பயமாக இருந்தால் நின்று ஆறவிடுவதில் குறைவொன்றுமில்லை. ரிம் சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தம் வரை காற்றடிக்காமல் சற்றுக் குறைவாக வையுங்கள். பிரேக் கட்டைகளில் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் எடுத்துவிடுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரிம்மின் பிரேக் பட்டை குழிந்திருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும்.

கியரைப் பொறுத்தவரை, முன்பக்கம் 34, பின்பக்கம் 28 பல் என்றால் மிதி ஒரு சுற்று வரும்போது சைக்கிள் சுமார் இரண்டரை மீட்டர் நகரும். வத்தல்மலையின் செங்குத்தான வளைவுகளில் அது முழங்காலை வருத்தும். பின்பக்கம் 34 பல் வரை போட்டால் அது 2.1 மீட்டராகக் குறையும். ஆனால் உங்கள் பின் கியர் மாற்றியில் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற நேரும் என்பதால், வாங்கும் முன் கடையில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கால்கள் பழகிய பிறகு தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரை செல்ல ஆசைப்படுகிறேன். அந்தச் சாலையில் வாகனம் மிகக் குறைவு என்று கேள்விப்பட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பலாமா?

மறுமொழி (தேன்கனிக்கோட்டை)

ஐயா, தயவுசெய்து அந்த நேரத்தில் வேண்டாம். வாகனம் குறைவு என்பது உண்மை. அழகான சாலை என்பதும் உண்மை. ஆனால் 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காட்டுப் பகுதியை ஒட்டிச் செல்வதால், விடியலும் அந்தியும் அங்கே யானைகளுக்கு உரிய நேரம். ராகி முற்றி அறுவடைக்கு வரும் மாதங்களில் கர்நாடகத்தின் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி காடுகளின் வழியாக இறங்கி வருவது எங்கள் பகுதி விவசாயிகள் அனைவரும் அறிந்தது. அப்போது எங்கள் ஊர் மக்களே இருட்டில் தனியாக நடமாடத் தயங்குகிறார்கள்.

சைக்கிளுக்குச் சத்தம் இல்லாததால் வேறோர் ஆபத்தும் உண்டு. பேருந்து வருவதை யானை முன்கூட்டியே அறிந்து விலகுகிறது. நீங்கள் வளைவு திரும்பும் வரை உங்களை அறியாது. அதனால் நன்றாக வெயில் வந்த பிறகு கிளம்பி, பிற்பகலிலேயே காட்டைக் கடந்துவிடுங்கள். இருவராகவோ மூவராகவோ, வளைவுகளில் பேசிக்கொண்டே செல்லுங்கள். வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடியிலும், எதிரே வரும் பேருந்து ஓட்டுநரிடமும் யானை நடமாட்டத்தைக் கேளுங்கள். சாலையில் சூடு ஆறாத சாணமோ புதிதாக முறித்த கிளையோ தென்பட்டால், அங்கேயே நின்று, ஏதேனும் வாகனம் வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போகலாம். யானையையே கண்டுவிட்டால் மணியடிக்காமல், படம் எடுக்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அஞ்செட்டியைத் தாண்டினால் கடைகள் குறைவு. குடிநீரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.