காட்டர் பின், சீட் பில்லர், இடது பெடல்: மூன்றும் இறுகிப்போன பழைய சைக்கிள்

உப்புக்காற்று:

வேதாரண்யம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா ஓட்டிய ஹெர்குலிஸ், 24 அங்குல ஃபிரேம், 28 டயர், கம்பி பிரேக். அவர் போன பிறகு மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி பதினோரு வருஷம் நின்றுவிட்டது. போன மாதம் அப்பா காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். தராசில் ஏற்றிய பிறகுதான் நான் பார்த்தேன். எடைக்கு என்ன காசோ அதை நானே கொடுத்து இறக்கி வைத்தேன். அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஹேண்டில் பார், இரண்டு சக்கரம், மட்கார்டு எல்லாம் கழன்றுவிட்டன. செயினை வெட்டித்தான் எடுத்தேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய், அதாவது சீட் பில்லர், ஒரு நூல்கூட அசையவில்லை. பெடல் மாட்டும் கையை, அதாவது கிராங்கை, நடு ஆக்சிலோடு ஆப்பு மாதிரி இறுக்கும் காட்டர் பின் இரண்டில் வலதுபக்கத்தது நன்றாக இருக்கிறது. இடதுபக்கத்தது நான் சுத்தியலால் அடித்ததில் மரைப் பகுதி வளைந்து தலை நசுங்கிவிட்டது. இடது பெடலுக்கு ஸ்பேனரில் மூன்றடிப் பைப் போட்டுத் தொங்கியும் பார்த்தாகிவிட்டது. ஒரு வாரமாகத் தேங்காய் எண்ணெய் விட்டேன், அப்புறம் டபிள்யூடி-40 அடித்தேன். ஃபிரேமையும் கிராங்கையும் கெடுக்காமல் கழற்ற வழி இருக்கிறதா?

கிரைண்டர் மணி:

கிரைண்டரை எடுத்து எல்லாவற்றையும் அறுத்துவிடுங்கள். காட்டர் பின், பெடல் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. இதற்கு ஒரு மாதமா?

வாடகை சைக்கிள்:

மணி சொல்வதைக் கேட்டு கிராங்கை அறுத்துவிடாதீர்கள் தம்பி. அறுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

கும்பகோணத்தில் அப்பா மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் எனக்குக் கடைதான். நான் அதிகம் அடி வாங்கியது காட்டர் பின் விஷயத்தில்தான், நீங்கள் செய்த அதே தப்புக்காக.

முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மரைக்குள் இறங்காது, பிசுபிசுத்து நிற்கும். மார்கழியில் உறைந்தே போகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டச் செய்த சரக்கு. பதினோரு வருஷ உப்புத் துருவுக்கு அது போதாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு விடும் ஆயில், அதாவது ஏடிஎஃப், ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கித்தான் விட வேண்டும், இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும். கிடைக்காவிட்டால் டீசல். விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுங்கள், தூங்குங்கள், மறுநாள் வந்து மறுபடி விடுங்கள். அசிட்டோன் பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம்.

பெடலை முதலில் கழற்றுங்கள், கிராங்க் ஃபிரேமில் இருக்கும்போதே. கிராங்கைத் தனியாக எடுத்துவிட்டால் பிடிக்க ஆள் தேடணும். ஒரு கேள்வி: இடது பெடலை எந்தப் பக்கம் திருப்பினீர்கள்? அது இடது மரை, வழக்கமான மரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, கைப்பிடியைப் பின்சக்கரம் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். அப்பா இதைத்தான் சொல்லிக்கொடுத்தார், வலது இடது கணக்கே வேண்டாம்.

அடுத்தது காட்டர் பின். உங்கள் அடி பின்னுக்குப் போகவில்லை. கிராங்க் அந்தரத்தில் நிற்கும்போது அடித்தால் கிராங்க் துள்ளும், அடியில் பாதி ஆக்சில் வழியாக, உள்ளே உருளும் குண்டான பால்ரஸுக்கும் அதைத் தாங்கும் கப்புக்கும் போய்விடும், மீதி மரையை வளைக்கும். அரை அங்குல ஜிஐ பைப் ஒன்றைத் தரையிலிருந்து கிராங்கின் அடிவரைக்கும் சரியாக வருகிற நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். நட்டுப் பக்கம் மேலே, பின்னின் தடித்த தலை கீழே, அது பைப்பின் வாய்க்குள் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். தரை சிமெண்டாக இருக்கட்டும்; மண் தரையில் பைப் புதைந்து அடி வீணாகும். வலதுபக்கம் நட்டை முழுக்கக் கழற்றாமல், மரை முனையும் நட்டின் முகமும் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள். ஒன்றரைக் கிலோ சுத்தியலால் ஒரே அடி. செல்லமாக இருபது தட்டு தட்டினால் நசுங்கத்தான் செய்யும்.

வளைந்த இடதுபக்கத்துக்குத்தான் ரம்பம். மரையைக் கிராங்க் மட்டத்துக்கு அறுத்துவிட்டு, நடுவில் சென்டர் பஞ்ச் குத்தி, 6 மி.மீ. டிரில்லால் நெடுக ஓட்டை போடுங்கள். பின்னின் தடிமன் 3/8 அங்குலம், அதனால் சுற்றிலும் சதை மிச்சம் இருக்கும். ஆனால் உள்ளே இறுக்கம் விட்டுப்போகும். அப்புறம் பஞ்ச் வைத்து ஒரு அடி. புதுப் பின் போடும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகணும், இல்லையென்றால் பெடல் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது.

சீட் பில்லரைக் கடைசியில்தான் தொட வேண்டும். காரணம் இருக்கிறது. பி.பி. ஆக்சிலை, அதாவது இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு ஆக்சிலை, வெளியே எடுத்துவிட்டால் சீட் டியூபின் அடிவாய் உங்களுக்குத் திறந்துவிடும். ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி அந்த வாய் வழியாக டீசலை ஊற்றினால் அது பில்லரின் அடியிலேயே தேங்கி நிற்கும். மேலே இருந்து எத்தனை விட்டாலும் வழிந்து மட்கார்டைத்தான் நனைக்கும். மூன்று நாள் கழித்து பில்லரை வைஸில் பிடித்து, ஃபிரேமையே நெம்புகோலாக வைத்துத் திருப்புங்கள். இழுக்காதீர்கள், திருப்புங்கள். வெல்டிங் பட்டறை பெஞ்சில் இருக்கிற பெரிய வைஸாக இருந்தால் நல்லது.

பித்தளைப்பாத்திரம்:

சின்ன நட்டு, வாஷர், போல்ட்டுக்கு சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெந்நீருக்கு மூன்று ஸ்பூன், நாலைந்து மணி நேரம். எடுத்து ஆப்பசோடா தண்ணீரில் அலசி உடனே எண்ணெய் தடவிவிடுங்கள், இல்லையென்றால் கண்ணெதிரே மறுபடி செம்பழுப்பு ஏறும். சீட் ஸ்பிரிங்கை மட்டும் ஊறப் போட வேண்டாம். கடினமான எஃகு அமிலத்தில் கிடந்தால் பட்டென்று முறிகிற குணம் வந்துவிடும். என் மச்சான் ராத்திரி முழுக்க ஊற வைத்த ஸ்பிரிங், மறுவாரம் அவர் உட்கார்ந்ததும் போயிற்று.

உப்புக்காற்று:

வாடகை அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். மூன்றடிப் பைப் போட்டு நான் இத்தனை நாளும் பெடலை இறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் ஏடிஎஃப் விட்டு, பின்சக்கரம் பக்கம் தள்ளியதும் துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

வலது காட்டர் பின் இரண்டாவது அடியில் விழுந்தது. இடதுக்கு டிரில் பிட் ஒன்று உடைந்தது, ஆனாலும் வந்துவிட்டது. பைப் வைத்து அடிக்கும்போது சுத்தியல் கையில் அதிரவே இல்லை. அப்போதுதான் நீங்கள் சொன்னது புரிந்தது.

பில்லர் மூன்று நாளில் வரவில்லை. ஆறாம் நாள் பட்டறை வைஸில் பிடித்து நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் ஃபிரேமைத் திருப்பினோம். கதவுக் கீல் மாதிரி கீச்சென்று அரை விரல் நகர்ந்தது. மறுபடி டீசல், மறுபடி திருப்பு. வெளியே வந்த பில்லரின் கடைசி இரண்டு அங்குலம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது, புதுசுதான் வாங்க வேண்டும். அப்பாவே கேட்டார், "டைனமோவைக் கழற்றினியா?" என்று.

இப்போது அடுத்த தலைவலி. பி.பி.யில் பால்ரஸ் ஒரு பக்கம் பதினொன்று, இன்னொரு பக்கம் எட்டுத்தான் முழுசாக இருந்தது. வலதுபக்க கப்பில் விரலால் தடவினால் குழி தெரிகிறது. அதைக் கழற்றவா, விட்டுவிடவா?

வாடகை சைக்கிள்:

பால்ரஸ் பக்கத்துக்குப் பதினொன்று, கால் அங்குலம். எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், பழையதோடு கலக்காதீர்கள். கப் வழவழப்பாக இருந்தால் தொடவே வேண்டாம் என்றிருப்பேன். குழி விழுந்திருந்தால் வேறு வழியில்லை, கழற்றத்தான் வேண்டும். வெளியே தெரிகிற இரண்டு தட்டைப் பக்கத்தையும் வைஸில் கவ்வவிட்டு ஃபிரேமைத் திருப்புங்கள்.

தம்பி, கவனம்: வலதுபக்க கப்பும் இடது மரைதான். பெடல் கணக்கு இதற்கு ஆகாது. வலதுபக்கம் நின்று பார்த்தால் கப் கடிகாரச் சுற்றில் கழலும். வைஸில் கப் நிற்கும், ஃபிரேம்தான் சுற்றும். அதனால் ஃபிரேமை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளணும். பைப் போடுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுத்து ஃபிரேமில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.