ஏரி வரத்துக் கால்வாய்க்கு நிதி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வேலூர் மாவட்டம், கணியம்பாடி பக்கம். போன ஐப்பசியில் நல்ல மழை. ஆனாலும் ஏரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மலையிலிருந்து வரும் வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம், கோழிக் கழிவு, பிளாஸ்டிக். அதை விட்டுவிட்டு ஏரியை மட்டும் தூர்வாரி என்ன பயன்?

பக்கத்திலேயே நாகநதியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள்தான் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் செறிவூட்டும் கிணறுகளை வெட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் கால்வாயைச் சீர்செய்ய எங்களுக்கும் ஆசை வந்தது.

'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். கையில் இருப்பதோ திருவிழா மிச்சம், இருபதாயிரம் சொச்சம். எங்கள் பங்கை ஏதாவது கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து கட்டலாமா? எங்கள் இளைஞர் மன்றம் பதிவு செய்யாதது. ஊராட்சி வழியாகப் போனால் போதுமா? வேலைக்கான செலவு மதிப்பீடு யாரிடம் வாங்குவது? ஓர் அலுவலகத்தில் கேட்டால் இரண்டு முறையும் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள்.

அப்புறம், பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருக்கிறது, பெயரளவில். மழைமானி வைக்கவும் கிணற்று நீர்மட்டம் குறிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யாராவது ஒரு சனிக்கிழமை வர முடியுமா? சாப்பாடு எங்கள் பொறுப்பு.