புதுப்பிப்பு: நாய்க்குட்டி வந்திட்டுது

45,000 ரூபாய்க்கு லாப்ரடோர் குட்டி வாங்கிறதா, இல்லாட்டி ஊர்க்குட்டி ஒண்டு எடுக்கிறதா எண்டு போன மாசம் கேட்டிருந்தன். கனபேர் சொன்னது ஒண்டுதான்: "முதல்ல தாயைப் பாருங்க."

விக்கிறவரிட்ட கேட்டன். தாய் தூரத்தில நிக்குதாம், குட்டியைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாறாராம். கொண்டுவந்தார், பிஸ்கட் பெட்டிக்குள்ள. ஆறு கிழமையாம், வாயைத் திறந்து பார்த்தா பல்லு இப்பதான் முளைக்குது. திரும்பி வந்திட்டன்.

மறுகா செங்கலடிப் பக்கம் ஒரு வீடு. மாமரத்துக்குக் கீழ தாய் படுத்துக் கிடக்க, நாலு குட்டி மேல ஏறி உழக்குது. நாங்க கிட்டப் போகவும் தாய் வாலை ஆட்டிச்சு. எனக்கு அதுவே போதும். அந்த அக்கா உடனே தரல்ல. "எட்டுக் கிழமை முடியட்டும் தம்பி, பால் மறந்தாப்பிறகு தூக்குங்க." காசும் வாங்கல்ல. பொட்டைக்குட்டியை ஆரும் கேக்கல்லயாம், அதைத்தான் எடுத்தன். ஆறு மாசமளவில கருத்தடை செய்யோணும்.

மிருக வைத்தியர் பார்வோவுக்கு, குட்டியளைக் கொல்லுற வயித்தோட்ட வருத்தத்துக்கு, முதல் ஊசி போட்டார். 16 கிழமை வரைக்கும் மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்காத் திரும்பப் போடோணும். விசர்நாய்த் தடுப்பூசி 12 கிழமையில. ஊசியெல்லாம் முடியுமட்டும் றோட்டில இறக்கவே வேணாமாம். பார்வோக் கிருமி மண்ணில மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். முந்தி எங்கட வளவில ஒரு குட்டி செத்தது இதாலதானோ தெரியா.

"வீட்டுக்குள்ள நாயா?" எண்டு கத்தின அம்மாதான் இப்ப சோறு பிசைஞ்சு வைக்கிறா. பேர் சுண்டல். என்ர ஒரு செருப்பு முடிஞ்சுது.